பிடிப்பில்லாத சுவரில் பெரிய டிவி: பாரத்தைத் தரைக்குக் கொடுக்கும் முறை

போன இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில், குமரி மாவட்டக் களியக்காவிளையில் என் மயினி வீட்டுச் சுவரிலிருந்து 55 இஞ்ச் டிவி கழன்று முன்னால் சாய்ந்துவிட்டது. கீழே இருந்த மேசைதான் அதைக் காப்பாற்றியது. திருவிதாங்கூர் காலத்து வெட்டுக்கல் வீடு, செம்மண் நிறத்தில் வெட்டியெடுக்கிற மெதுவான கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு. டிவி மாட்ட வந்தவர் சாதாரண கான்கிரீட் சுவரைத் துளைப்பதுபோல டிரில்லை ஹேமரில், அதாவது இடித்துத் துளைக்கிற நிலையில் போட்டுத் துளைத்திருக்கிறார். ஓட்டை பெரிதானதும் மரச்சிம்பைச் செருகி, பிளாஸ்டிக் பிளக்கை அடித்து, ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுப் போய்விட்டார். நான் போய் மேல் ஸ்க்ரூவைப் பிடித்து இழுத்தேன். பிளக்கும் சிம்பும் செம்மண்ணும் ஒரே உருண்டையாகக் கையோடு வந்தன. விரலால் தொட்டால் ஈரம். கீழ் ஸ்க்ரூ இரண்டும் அப்போதும் இறுக்கமாகவே இருந்தன.

அந்த டிவியை அதே சுவரில், அதே இடத்தில் மறுபடி நிறுத்தினேன். இன்னொரு மழைக்காலம் போய்விட்டது, அசையவில்லை. அதை எப்படிச் செய்தேன் என்று முதல் தடவை டிரில் பிடிக்கிறவர்களும் செய்யும்படி எழுதுகிறேன். வெட்டுக்கல்லுக்கு மட்டுமல்ல, ஹாலோ பிளாக் சுவருக்கும், கடைகளிலும் மாடி அறைகளிலும் வைக்கிற ஜிப்சம் தடுப்புக்கும் இதே முறை போதும்.

யூடியூபில் பார்த்தால் சுவரைத் தட்டி உள்ளே மரச்சட்டம் தேடுவார்கள். அது அமெரிக்க வீடு. அங்கே சுவருக்குள் 16 இஞ்சுக்கு ஒரு மரச்சட்டம் நிற்கும். நம் வெட்டுக்கல்லுக்குள் அப்படி எதுவும் கிடையாது. ஜிப்சம் தடுப்பில் மட்டும் சுமார் 2 அடிக்கு ஒன்றாக மெல்லிய தகரச் சட்டம் இருக்கும். டிவி பிராக்கெட்டின் நான்கு ஓட்டைகளும் அந்தச் சட்டத்தின்மேல் சரியாக வந்து விழுவது அபூர்வம்.

பாரம் எங்கே இழுக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதி வேலை தானாகப் பிடிபடும். டிவி கீழ்நோக்கி இழுப்பதால் ஸ்க்ரூ உடைவதில்லை. டிவி முன்னால் சாயப் பார்க்கிறது. அதனால் மேல் ஸ்க்ரூ சுவரிலிருந்து வெளியே இழுபடுகிறது. மயினி வீட்டில் கீழ் ஸ்க்ரூக்கள் நின்றதும் மேலே உள்ளவை வந்ததும் இதனால்தான்.

கணக்கு சின்னதுதான். டிவியும் பிராக்கெட்டும் சேர்ந்து 20 கிலோ. டிவியின் நடுப்பாரம் சுவரிலிருந்து 6 செ.மீ. தள்ளி இருக்கிறது. மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் 20 செ.மீ. இடைவெளி. 20-ஐ 6-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 6. மேல் ஸ்க்ரூக்கள் சேர்ந்து 6 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். நல்ல செங்கல் சுவருக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் மடக்கி நீட்டுகிற கை வைத்த பிராக்கெட் வாங்கி 45 செ.மீ. வெளியே இழுத்தால் அதே 20 கிலோ டிவி மேல் ஸ்க்ரூவை 45 கிலோ பலத்தோடு பிடுங்கும். மயினி வீட்டில் இருந்தது அந்த வகை பிராக்கெட்தான். அடுக்களையிலிருந்து பார்க்க வேண்டும் என்று தினமும் இழுத்துத் திருப்பியிருக்கிறார்கள்.

இப்போது டிவியைத் தரையில் நிற்கிற ஒரு பலகையில் மாட்டி, பலகையின் தலையை மட்டும் சுவரோடு பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோவும் தரைக்குப் போய்விடும். பலகை சாயாமல் பிடிப்பது மட்டுமே சுவரின் வேலை. மேல் ஸ்க்ரூ தரையிலிருந்து 165 செ.மீ. உயரத்தில் இருந்தால், ஒட்டி மாட்டும் பிராக்கெட்டுக்கு அங்கே வரும் இழுப்பு ஒரு கிலோகூட இல்லை. கை வைத்த பிராக்கெட்டை முழுதாக நீட்டினாலும் ஐந்தரை கிலோதான். உளுத்த சுவரும் இதைத் தாங்கும்.

முதலில் சுவரைப் பாருங்கள்

பலகை வந்து மறைக்கிற இடத்தில், சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் இல்லாத இடமாகப் பார்த்து, 6 எம்எம் பிட்டால் ஒரே ஒரு ஓட்டை போடுங்கள். வயர் பெரும்பாலும் போர்டிலிருந்து நேராக மேலேயோ கீழேயோதான் ஓடும். அந்த அறைக்குக் கரண்ட் கொடுக்கிற எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, டிரில்லுக்குப் பக்கத்து அறையிலிருந்து கரண்ட் எடுங்கள். ஹேமர் வேண்டாம்.

ஓட்டைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, விழுகிற தூளைப் பாருங்கள். முதலில் வெள்ளை, அப்புறம் பிசுபிசுவென்று செம்பழுப்பு என்றால் சுண்ணாம்புப் பூச்சும் வெட்டுக்கல்லும். காய்ந்த செங்காவித் தூள் வந்து பிட் சீராகத் தடுத்துக்கொண்டே போனால் செங்கல். உங்களுக்கு இந்தப் பலகை தேவையே இல்லை, நல்ல பிளக் போதும். சாம்பல் தூள் ஒன்றிரண்டு இஞ்ச் வந்து, பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். அரை இஞ்சிலேயே விழுந்து, தூள் மாவுபோல வெள்ளையாக இருந்தால் ஜிப்சம்.

தூளை விரலில் எடுத்து நசுக்கிப் பாருங்கள். உருண்டை பிடித்தால் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. இடவப்பாதியும் ஐப்பசியில் வருகிற துலா மழையும் இரண்டுமே அடிக்கிற நம் பக்கத்தில், மேற்குப் பார்த்த வெளிச்சுவரில் இது சாதாரணம். முடிந்தால் உள்சுவருக்கு மாறுங்கள். டிவிக்கும் அதுதான் நல்லது.

அப்புறம் விரல் முட்டியால் பூச்சைத் தட்டிக்கொண்டே வாருங்கள். பொதபொதவென்று சத்தம் வரும் இடம் கல்லை விட்டுக் கிளம்பி நிற்கிற பூச்சு. மேல் ஸ்க்ரூ வரும் இடம் அப்படியிருந்தால் கொத்திவிட்டு, சாந்து பூசி, ஒரு வாரம் காயவிடுங்கள்.

என்ன வாங்க வேண்டும்

18 எம்எம் மரைன் பிளைவுட் 3 அடிக்கு 6 அடி. ஐஎஸ் 710 என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். நம் ஈரத்துக்கு அதற்குக் கீழே வாங்க வேண்டாம். 2-க்கு 1 இஞ்ச் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), 6 அடி நீளத்தில் மூன்று. பிராக்கெட்டை மாட்ட 8 எம்எம் போல்ட்டு நான்கு, ஒன்றரை இஞ்ச் நீளம், அகலமான வாஷரோடு. மரத்தை இணைக்க ஒன்றரை இஞ்ச் மர ஸ்க்ரூ, ஒரு பாக்கெட். 2 செ.மீ. கனத்தில் கிரானைட் துண்டு. கடப்பா கல் விற்கிற கடையில் வெட்டு மிச்சமாகக் கிடைக்கும். சுவருக்கு வேண்டிய ஸ்க்ரூவைப் பிறகு சொல்கிறேன், அது சுவரைப் பொறுத்தது.

பிராக்கெட் வாங்கும் முன் டிவியின் பின்னால் உள்ள நான்கு ஓட்டைகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 200-க்கு 200, 400-க்கு 300 என்று எம்எம் கணக்கில் வரும். அதே அளவு பிராக்கெட்டின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்க வேண்டும்.

பலகையைத் தயார் செய்தல்

மூன்று ரீப்பரையும் பலகையின் பின்னால் நெட்டுக்கு வைத்து, அடிப்பக்கம் மூன்றும் பலகையோடு சமமாக வரும்படி ஸ்க்ரூ போடுங்கள். இரண்டு ஓரத்தில், ஒன்று நடுவில். ஜிப்சம் தடுப்பு என்றால் மட்டும் கணக்கு மாறும். ஒரு காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்துங்கள். உள்ளே போர்டைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூ தலைகளில் அது ஒட்டும். அவை மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் இருந்தால் தகரச் சட்டம் அங்கே நிற்கிறது. அப்படி இரண்டு கோடுகளைக் கண்டுபிடித்து, ஓர ரீப்பர்களை அதே தூரத்தில் வையுங்கள்.

பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இஞ்ச் இடைவெளியை ரீப்பர் உண்டாக்குகிறது. காற்று போகும், சுவரின் ஈரம் பலகைக்கு ஏறாது, எச்டிஎம்ஐ கேபிளும் கரண்ட் வயரும் அதற்குள்ளேயே இறங்கிவிடும். பலகையின் அடி விளிம்பிலும் ரீப்பரின் அடியிலும் இரண்டு கோட்டு வார்னிஷ் அடித்துவிடுங்கள். தரை துடைக்கிற தண்ணீரும் சிதலும் (கரையான்) அந்த வழியாகத்தான் வரும். கிரானைட் துண்டும் அதற்காகத்தான்.

இப்போது பிராக்கெட்டின் இடம். நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டில் ஒருவரை விட்டு உங்கள் கண் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்றரை அடி வரும். டிவியின் நடு அதற்குப் பக்கத்தில் இருந்தால் கழுத்து வலிக்காது. ஆறடி உயரத்தில் மாட்டுகிற பழக்கம் வேண்டாம்.

பிராக்கெட்டைப் பலகையில் வைத்து, ரசமட்டம் பார்த்து, நான்கு ஓட்டைகளைக் குறியுங்கள். ரீப்பர் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 9 எம்எம் பிட்டால் பலகையைத் துளைத்து, போல்ட்டைப் பின்னாலிருந்து முன்னாலே வாஷரோடு செருகி, முன்பக்கம் பிராக்கெட்டை வைத்து நட்டை முறுக்குங்கள். பலகையைச் சுவரில் நிறுத்தியபின் பின்பக்கம் கை போகாது. நான் முதல் தடவை இதை மறந்து, எல்லா ஸ்க்ரூவையும் கழற்றிப் பலகையை மறுபடி இறக்க வேண்டியதாயிற்று.

சுவரோடு பிடித்தல்

பலகை கிட்டத்தட்ட 20 கிலோ இருக்கும், இரண்டு பேர் வேண்டும். கிரானைட் துண்டுகளைத் தரையில் வைத்து, அதன்மேல் பலகையை நிறுத்துங்கள். பழைய சிவப்புத் தரை என்றால் ஒரு பக்கம் சரிந்திருக்கும். தாழ்ந்த பக்கம் பிளாஸ்டிக் தகடு வைத்து ரசமட்டம் சரி பண்ணுங்கள். சுவரடியில் ஓடு பதித்திருந்தால் அந்த உயரத்துக்கு ரீப்பரின் பின்பக்கம் கொஞ்சம் செதுக்க வேண்டும். மேலே ஆணியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். பலகை முன்னால் சாய்ந்து நிற்கவே கூடாது. பின்னால் அரை இஞ்ச் சாய்ந்தால் பரவாயில்லை. சுவர் வளைந்திருக்கும் இடத்தில் ரீப்பருக்குப் பின்னால் சின்ன மரத்துண்டு வைத்து இட்டு நிரப்புங்கள்.

ஒவ்வொரு ஓர ரீப்பரிலும் நான்கு ஸ்க்ரூ, மேலே அரை அடிக்குள் இரண்டு, மீதி பரவலாக.

வெட்டுக்கல்லுக்கு 10 எம்எம் ஃபிரேம் பிளக் (மரத்தையும் சேர்த்துத் துளைத்துச் செருகுகிற நீள பிளக்), நான்கரை இஞ்சுக்குக் குறையாத நீளம். பலகையும் ரீப்பருமே ஒன்றே முக்கால் இஞ்ச் தின்றுவிடும். பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் இரண்டு இஞ்சாவது போக வேண்டும். ஹேமர் இல்லாமல், முதலில் 6 எம்எம், அப்புறம் 10 எம்எம். சைக்கிள் பம்ப்பால் ஊதித் தூளை வெளியேற்றிவிட்டு பிளக்கைச் செருகுங்கள். ஸ்க்ரூ கடைசிச் சுற்றில் இறுகாமல் சும்மா சுழன்றால் அந்த ஓட்டையை விட்டுவிட்டு மூன்று இஞ்ச் தள்ளி வேறு போடுங்கள். சிம்பு செருகாதீர்கள்.

ஹாலோ பிளாக்கில் விரிகிற ஆங்கர் போல்ட்டு வேண்டவே வேண்டாம். பிளாக்கின் மேல்தோல் ஒரு இஞ்ச் சொச்சம்தான். போல்ட்டு விரியும்போது அது வெடித்துவிடும். உள்ளே போய் முடிச்சு விழுகிற நைலான் பிளக்கோ, இறக்கை விரிகிற டாகுள் போல்ட்டோ போதும். பாறசாலை மாமா வீட்டு மாடியில் சுவரின் மறுபக்கம் ஸ்டோர் ரூம். அங்கே மேல் இரண்டு ஓட்டையை மட்டும் முழுக்கத் துளைத்து, திரெட் ராடு (நீளம் முழுக்க மரை உள்ள கம்பி) விட்டு, அந்தப் பக்கம் கையகல இரும்புத் தகடு வைத்து நட்டு போட்டேன். மறுபக்கம் பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் அதற்கு மேல் உறுதி கிடையாது.

ஜிப்சம் தடுப்பில் மூன்று இஞ்ச் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ (தானே துளைத்துக்கொண்டு போகிற ஸ்க்ரூ), தகரச் சட்டத்தின் நடுவில். தகரம் மெல்லியது, டிரில்லால் கடைசிவரை முறுக்கினால் ஓட்டை கிழிந்துவிடும். கடைசி இரண்டு சுற்றைக் கையால் முறுக்குங்கள்.

அரிசி மூட்டை

டிவியை உடனே மாட்டாதீர்கள். பலகையின் மேல் விளிம்பை ஒட்டிச் சுவரில் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். 25 கிலோ அரிசி மூட்டையைக் கயிறு கட்டி பிராக்கெட்டில் தொங்கவிடுங்கள். கை வைத்த பிராக்கெட் என்றால் கையை முழுதாக நீட்டித் தொங்கவிடுங்கள். ஒரு ராத்திரி இருக்கட்டும். காலையில் பலகை கோட்டைவிட்டு நகர்ந்திருக்கிறதா, ரீப்பருக்கும் சுவருக்கும் நடுவில் மேலே இடைவெளி கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தாளைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். மயினி வீட்டில் முதல் ராத்திரி இரண்டு எம்எம் கூடியிருந்தது. வலது மேல் ஸ்க்ரூ பொதபொத இடத்தில் விழுந்திருக்கிறது. இடம் மாற்றிப் போட்டு, மறுபடி ஒரு ராத்திரி மூட்டையைத் தொங்கவிட்டேன்.

டிவியை மாட்டும்போது ஆளுக்கொரு பக்கம், கீழ் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். திரையில் கட்டைவிரல் அழுந்தக் கூடாது. மேல் கொக்கி இரண்டும் உட்காரும் சத்தம் கேட்டபின், கீழே உள்ள பூட்டு ஸ்க்ரூவை முறுக்குங்கள். குழந்தைகள் பிடித்து இழுத்தாலும் டிவி கொக்கியைவிட்டு மேலே எழும்பாமல் பிடிப்பது அந்தச் சின்ன ஸ்க்ரூதான். பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

பென்சில் கோட்டை அழிக்க வேண்டாம். துலா மழை முடிந்ததும் மறுபடி ஒரு தடவை அந்தக் கோட்டைப் பாருங்கள், மேல் ஸ்க்ரூக்களைக் கையால் கால் சுற்று முறுக்கிப் பாருங்கள்.