தாலி கட்டும் நொடியைத் தவறவிடாமல் எடுக்க

முகூர்த்தத்துக்கு அரை மணி முன்பே ஐயரிடமும் வீடியோக்காரரிடமும் பேசி, மணமக்களுக்கு நேர் எதிரே இடம் பிடித்துவிடுங்கள். பேட்டரி புதிதாக மாட்டியிருக்கட்டும். மெமரி கார்டு இரண்டு. ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிய வேண்டும்.

ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/200 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எஃப் 4, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 1600-இல் தொடங்கலாம். எஃப் 1.8 வேண்டாம்: துளை பெரிதாகி, தெளிவாக விழும் ஆழம் குறையும்; மாப்பிள்ளையின் கை தெளிவாகி, பெண்ணின் முகம் மங்கிவிடும். மண்டபத்து எல்இடி விளக்கால் படத்தில் கோடு விழுந்தால் ஷட்டரை 1/100-க்கு இறக்குங்கள்; நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும்.

கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதை பறக்கும். ஆட்டோஃபோகஸ் அந்த அரிசியைப் பிடித்துக்கொள்ளும்; ஆகவே முன்கூட்டியே பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடுங்கள். பல வீடுகளில் மூன்றாம் முடிச்சை நாத்தனார் போடுவார். அதுவரை கேமராவை இறக்காதீர்கள்.