தைபேயின் சின்னச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிடுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

வேலையாகவோ சுற்றிப் பார்க்கவோ தைவானின் தலைநகரான தைபேய் போகிற நம்மவர்களில் பலர் ஹோட்டல் காலை உணவு, மால் ஃபுட் கோர்ட், இரவில் ஏதாவது இந்திய உணவகம் என்று நாட்களை ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கேட்டால் சீன மொழி தெரியாது என்பார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் அந்த ஊரின் அருமையான சாப்பாடு தெருவோரத்தில் எட்டு பத்து மேசை போட்டு நடக்கிற குடும்பக் கடைகளில்தான் இருக்கிறது, அங்கே சாப்பிட பேச்சு அதிகம் தேவையே இல்லை. எல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் நடக்கிறது. அதை நிரப்பத் தெரிந்தால் போதும்.

கிளம்பும் முன்

நேரம் பார்த்துப் போங்கள். மதியம் 11 முதல் 2 வரை, மாலை 5 முதல் 8 வரை என்பதுதான் பொதுவான கணக்கு. இடையில் பல கடைகள் ஷட்டரை இறக்கிவிடும், இரவு ஒன்பது மணிக்கு நிதானமாகச் சாப்பிடலாம் என்று நினைத்தால் இரவுச் சந்தைக்குத்தான் போக வேண்டியிருக்கும். கையில் ரொக்கம் இருக்கட்டும், முக்கியமாக நூறு தைவான் டாலர் தாள்களும் சில்லறையும். சின்னக் கடைகளில் கார்டு பெரும்பாலும் எடுபடாது. போனில் கேமரா வைத்து மொழிபெயர்க்கிற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும்

அடுப்பு பெரும்பாலும் வாசலிலேயே இருக்கும். நின்று பானையில் என்ன கொதிக்கிறது என்று தாராளமாகப் பாருங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். எத்தனை பேர் என்று விரலைக் காட்டி "நேய் யோங்" என்று சொல்லுங்கள், இங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று அர்த்தம். பார்சல் என்றால் "வாய் தாய்". கடைக்காரரை "லாவ்பான்" என்றும், அம்மாவாக இருந்தால் "லாவ்பான்நியாங்" என்றும் கூப்பிடுவார்கள். கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் மேசையில் உங்களை உட்கார வைப்பார்கள், அது அங்கே சாதாரணம்.

சீட்டு

இதுதான் முக்கியமான படி. மேசையிலோ கல்லாவுக்குப் பக்கத்திலோ ஒரு கட்டு மெல்லிய தாள் இருக்கும், கூடவே பேனா. வரிசையாகப் பதார்த்தத்தின் பெயர், அதன் விலை, பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். கேமராவைக் காட்டினால் பெயர்கள் ஓரளவு புரியும் (மொழிபெயர்ப்பு சில சமயம் விபரீதமாக இருக்கும், விலையையும் பக்கத்து மேசையையும் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம்). வேண்டியதற்கு நேராக எண்ணிக்கையை 1, 2 என்று எழுதுங்கள். உள்ளூர்க்காரர்கள் ஐந்து கோடுகள் கொண்ட ஒரு சீன எழுத்தை, ஒன்றுக்கு ஒரு கோடு என்று போட்டு எண்ணுவார்கள், அதனால் வேறொருவர் சீட்டில் அரைகுறையாக ஒரு எழுத்தைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இரண்டு விஷயம் கவனம். மேலே மூலையில் மேசை எண் எழுத ஒரு இடம் இருக்கும், அதை விட்டுவிட்டால் உங்கள் சாப்பாடு கடை முழுக்கச் சுற்றும். எண் மேசை மீதோ சுவரிலோ ஒட்டியிருக்கும். அடுத்தது, வேகவைத்த டம்ப்ளிங், அதாவது உள்ளே பூரணம் வைத்த நம் கொழுக்கட்டை மாதிரி. விலை 7, 8 டாலர் என்று மிகக் குறைவாகப் போட்டிருந்தால் அது ஒரு துண்டின் விலை, எனவே அங்கே 10 என்று எழுத வேண்டும். ஆவியில் வேகவைக்கிற ஷியாவ்லாங்பாவ் (உள்ளே சூப் நிறைந்த டம்ப்ளிங்) அப்படி இல்லை, அது கூடைக் கணக்கு.

சீட்டை நீட்டும்போது அவர் தொகையைச் சொன்னால் அப்போதே பணம் கொடுங்கள், சொல்லாமல் வாங்கிக்கொண்டால் சாப்பிட்ட பிறகு. சில கடைகளில் இப்போது க்யூ ஆர் கோடு வந்துவிட்டது, அதில் ஆங்கிலமும் பல சமயம் இருக்கும்.

என்ன சொல்வது?

அங்கே ஒரே தட்டில் முழுச் சாப்பாடு வராது. சின்னச் சின்னதாக மூன்று நான்கு சொல்லிச் சேர்த்துச் சாப்பிடுவதுதான் வழக்கம். முதல்முறை என்றால் நான் சொல்வது: ஒரு சின்னக் கிண்ணம் லூ ரோ ஃபான், ஒரு தட்டு வெந்த கீரை, ஒரு சூப். லூ ரோ ஃபான் என்பது கொழுப்புள்ள பன்றி இறைச்சியைப் பொடியாக நறுக்கி, சோயா சாஸிலும் பொரித்த சின்ன வெங்காயத்திலும் மெல்ல வேகவைத்து சூடான சோற்றின் மேல் ஊற்றிக் கொடுப்பது. எளிமையான சாப்பாடு, ஆனால் அந்த வறுத்த வெங்காய வாசனை நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும்.

நூடுல்ஸ் வேண்டுமென்றால் நியூ ரோ மியான், மாட்டிறைச்சி நூடுல்ஸ். சோயாவும் மிளகாய் விழுதும் சேர்ந்த சிவப்புக் குழம்பு ஒன்று, தெளிந்த சூப் ஒன்று என இரண்டு வகை. இன்று தைபேயின் அடையாளமே இதுதான். ஆனால் 1949-ஐ ஒட்டி சீனப் பெருநிலத்திலிருந்து தைவானுக்கு வந்த படைவீரர்களோடும் குடும்பங்களோடும் சேர்ந்துதான் இந்த உணவு அங்கே வளர்ந்தது. அதற்கு முன் உழுகிற மாட்டைச் சாப்பிடக் கூடாது என்று தைவான் விவசாயக் குடும்பங்கள் ஒதுக்கியே வைத்திருந்தன, இன்றும் மாட்டிறைச்சி தொடாத பெரியவர்கள் அங்கே உண்டு. அதனால் நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் அவர்களுக்கு அது வினோதமாகவே தோன்றாது. மேசையில் ஊறவைத்த கடுகுக் கீரை இருந்தால் அது இந்த நூடுல்ஸில் போடத்தான். முதலில் சூப்பை அப்படியே குடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் போடுங்கள்.

கண்ணாடி அலமாரியில் சின்னத் தட்டுகள் அடுக்கியிருக்கும்: பூண்டு போட்ட வெள்ளரி, கடற்பாசி, சோயாவில் வெந்த டோஃபு, நிலக்கடலையோடு வறுத்த குட்டி நெத்திலி. இவற்றைச் சீட்டில் எழுத வேண்டாம், நீங்களே எடுத்து வந்து மேசையில் வைத்தால் அவர்கள் தட்டைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். நெத்திலி கடலையைத் தவறவிடாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் பயப்படுவது இங்கேதான். தைவான் சைவர்களுக்கு மிக நல்ல ஊர், ஆனால் சரியான கடைக்குள் நுழைய வேண்டும். சாதாரணக் கடையில் வெறும் வெந்த கீரை கேட்டால்கூட மேலே ஒரு கரண்டி இறைச்சிக் குழம்பை ஊற்றித்தான் தருவார்கள், அவர்களைப் பொறுத்தவரை அது வெறும் ருசிக்கு. "பூ யாவ் ரோ ட்சாவ்" என்றால் அந்தக் குழம்பு வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் கீரை வெந்த தண்ணீரும் சட்டியும் பொதுதான், வதக்கினால் பன்றிக் கொழுப்பாகவும் இருக்கலாம்.

எனவே கண்டிப்பான சைவம் என்றால் சைவக் கடைக்கே போங்கள். பெயர்ப்பலகையில் பௌத்த ஸ்வஸ்திகச் சின்னம் பல கடைகளில் இருக்கும், தைபேயில் கொஞ்ச தூரம் நடந்தாலே ஒன்று கண்ணில் படும். "வோ ச்சு ஸூ", அதாவது நான் சைவம் என்று சொன்னால் அவர்கள் புரிந்துகொள்வது பெரும்பாலும் பௌத்த சைவத்தை: இறைச்சி, மீனோடு வெங்காயம், பூண்டும் கிடையாது. பௌத்த மரபில் விலக்கப்பட்ட ஐந்து காரப் பொருட்களில் நம் பெருங்காயமும் ஒன்று! முட்டை, பால் பற்றித் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கடைகளில் பல பஃபே முறையில் இருக்கும், தட்டில் வேண்டியதை எடுத்துக்கொண்டு போனால் எடை போட்டு விலை சொல்வார்கள். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம் என்பதால் புதியவர்களுக்கு இதைவிட வசதி இல்லை. பார்க்க அசல் கோழி, மீன் மாதிரியே இருப்பவை சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தவை, தைரியமாகச் சாப்பிடலாம்.

ஹலால் வேண்டுமென்றால் "சிங்ச்சென்" என்று தேடுங்கள். தைபேயில் அப்படி மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகளே இருக்கின்றன.

சாப்பிடும்போது

குச்சி, கரண்டி, டிஷ்யூ, சாஸ் எல்லாம் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும், மேசை இழுப்பறையையும் பாருங்கள். பல கடைகளில் தண்ணீர் தர மாட்டார்கள், பாட்டில் கொண்டு போங்கள். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கி வாயருகே வைத்துச் சாப்பிடுவதுதான் அங்கே முறை. குச்சிகளைச் சோற்றில் நட்டுக்குத்தலாகச் செருகி வைக்காதீர்கள், இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றுவதைப் போல இருப்பதால் அவர்களுக்கு மனது சங்கடப்படும்.

பில்

டிப்ஸ் வழக்கம் கிடையாது. பெரிய உணவகங்களில் 10 சதவீதம் சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள், சின்னக் கடையில் அதுவும் இல்லை. அரசு எண் அச்சிட்ட ரசீது கொடுத்தால் எறிந்துவிடாதீர்கள், அந்த எண்தான் லாட்டரிச் சீட்டு. கடைகள் ஒழுங்காக வரி கட்ட வேண்டும் என்பதற்காக 1951-இல் ஆரம்பித்த ஏற்பாடு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குலுக்கல், மிகப் பெரிய பரிசு ஒரு கோடி தைவான் டாலர். மிகச் சின்னக் கடைகளுக்கு இந்த ரசீதிலிருந்து விலக்கு உண்டு, தரவில்லை என்று சண்டை போட வேண்டாம்.

வெளியே வந்து பபிள் டீ வாங்கினால் சர்க்கரையும் ஐஸும் எவ்வளவு என்று கேட்பார்கள். "பான் தாங்" என்றால் பாதிச் சர்க்கரை, பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். ஆனால் குடித்து முடித்துவிட்டு மெட்ரோவுக்குள் போங்கள். உள்ளே சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, தண்ணீர்கூட, மீறினால் 1,500 முதல் 7,500 தைவான் டாலர் வரை அபராதம்.