ஏரிக்கரை நடை: ‘எளிது’ என்ற சொல்லை நம்பிச் செய்யும் தவறுகள்

ஏரியைச் சுற்றிச் செல்லும் நடைபாதைகளில் பெரும்பாலும் மேடு பள்ளம் குறைவு என்பதால், குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் அவற்றை விரும்பித் தேர்ந்தெடுக்கின்றன. அந்தத் தேர்வில் பிழை இல்லை. ‘எளிது’ என்று பலகையில் எழுதியவர் யாருடைய கால்களை மனத்தில் வைத்து எழுதினார் என்று யோசிக்காமல் புறப்படுவதுதான் பிழை.

பலரும் முதலில் தூரத்தைக் கணக்கிடுவதில் தவறுகிறார்கள். 4 கி.மீ. சுற்றை நலமான பெரியவர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் தும்பிக்கும் நின்றுவிடும் நான்கு வயதுக் குழந்தைக்கு அதைப்போல் இருமடங்கு நேரமும் போதாது. மற்ற பாதைகளில் களைத்த இடத்திலிருந்து குறுக்கு வழி தேடலாம். ஏரியில் குறுக்கே இருப்பது தண்ணீர்; பாதிச் சுற்றை எட்டிய இடத்தில் முன்னே போவதும் பின்னே திரும்புவதும் ஒரே தூரம்தான். எனவே முதல் முறை செல்லும்போது, இருபது நிமிடம் நடந்து வந்த வழியே திரும்புவது உத்தமம்.

சக்கர நாற்காலியோ குழந்தைத் தள்ளுவண்டியோ உடன் வருமானால், ‘சமதளம்’ என்ற விடையோடு நிறைவடைந்துவிடக் கூடாது. 20 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டருக்கு மேல் ஏறும் பாதை, தள்ளுபவருக்கு விரைவில் சுமையாகிவிடும். அதைவிடத் தொல்லை தருவது, மழைநீர் வடிவதற்காகப் பாதை ஏரிப் பக்கமாகச் சாய்ந்திருப்பது. 100 சென்டிமீட்டர் அகலத்துக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் சாய்வு இருந்தால் வண்டி தானாகவே நீரை நோக்கி இழுக்கும். ஒரு நாற்காலி செல்ல 90 சென்டிமீட்டர் அகலம் போதும், ஆனால் எதிரெதிரே வரும் இரண்டு நாற்காலிகள் விலகிச் செல்ல ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் தேவை. உதிரிச் சரளையிலும் மணலிலும் முன்சக்கரங்கள் புதையும். மரப்பலகைப் பாதையில் பலகைகள் நடக்கும் திசையிலேயே நீளவாக்கில் பதிக்கப்பட்டிருந்தால் சிறு சக்கரம் இடுக்கில் சிக்கும். நிழலில் ஈரம் காயாத பலகை வழுக்கவும் செய்யும். ஆகவே பாதையைப் பராமரிப்பவர்களிடம் “நாற்காலி போகுமா?” என்று கேட்பதைவிட, “எங்கிருந்து எதுவரை சரளை? எங்கேனும் படி உண்டா? கழிப்பறை எந்த முனையில் உள்ளது?” என்று கேட்பதே பயன் தரும்.

தண்ணீரைப் பற்றிய அலட்சியம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிட்டுக் கையசைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். மூச்சுக்குத் திணறும் குழந்தையால் பெரும்பாலும் குரலே எழுப்ப முடியாது, சில சென்டிமீட்டர் ஆழமே உயிருக்கு ஆபத்தாகலாம். பெரியவர்கள் பலர் இருக்கும் குழுவில், அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுவதுண்டு. கரையோரத்தில் சிறு குழந்தை கை எட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும்; எந்த நேரத்தில் யார் பொறுப்பு என்பதைப் பெயர் சொல்லியே முடிவு செய்யுங்கள். தள்ளுவண்டியை நிறுத்தும்போது நீருக்கு நேராக நிறுத்தாமல், கரைக்கு இணையாகத் திருப்பித் தடையைப் போடுங்கள்.

பச்சைச் சாயம் கொட்டியதுபோல் நீரின் மேல் படலம் தெரிந்தால், அதில் நஞ்சு கலந்த நீலப்பச்சைப் பாசி இருக்கக்கூடும்; குழந்தைகளும் நாய்களும் அதைத் தொடவோ குடிக்கவோ விடக் கூடாது. வாத்துகளுக்கு ரொட்டி வீசுவதும் தவிர்க்க வேண்டியதே: அதில் பறவைகளுக்கு வேண்டிய சத்து குறைவு, மிஞ்சியது அழுகிப் பாசிக்கு உரமாகும்.

ஏரிக்காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் சுடுவது தெரிவதில்லை. நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் அதோடு சேர்ந்துகொள்ளும். தொப்பியும் குடிநீரும் இல்லாமல் புறப்படாதீர்கள். இடியோசை கேட்டால், மழை தொடங்கட்டும் என்று காத்திராமல், தனிமரத்தின் அடியிலும் ஒதுங்காமல், கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ சென்றுவிடுங்கள்; கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை கரைக்குத் திரும்ப வேண்டாம்.