எல்லெமன்-யென்சனைப் பற்றி எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

ஊஃபே எல்லெமன்-யென்சன் 1982 முதல் 1993 வரை டென்மார்க்கின் வெளியுறவு அமைச்சர். 1984 முதல் 1998 வரை வென்ஸ்ட்ரே என்னும் லிபரல் கட்சியின் தலைவர். இந்த ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, பத்தாண்டுக்கும் மேலாக அந்நாட்டின் வெளியுறவுக் கொள்கையை அவரே வகுத்தார் என்று எழுதிவிடுகிறார்கள். முதல் ஆறு ஆண்டுகளுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

பிரதமர் பௌல் ஸ்லூட்டர் தலைமையில் நடந்தது சிறுபான்மை அரசு. பொருளாதார விஷயங்களில் அதைத் தாங்கிப் பிடித்த ராடிகல் வென்ஸ்ட்ரே கட்சி, பாதுகாப்பு விவகாரம் என்றால் சமூக ஜனநாயகக் கட்சியுடன் சேர்ந்து அரசுக்கு எதிராக வாக்களித்தது. ஐரோப்பாவில் அமெரிக்க ஏவுகணைகளை நிறுவுவது போன்ற கேள்விகளில் நாடாளுமன்றப் பெரும்பான்மை சொன்ன மறுப்புகளை, நேட்டோ கூட்டறிக்கைகளில் அடிக்குறிப்பாகச் சேர்க்கும் வேலை அமைச்சர் தலையில் விழுந்தது. அவருக்கோ அந்த மறுப்புகளில் துளியும் உடன்பாடில்லை. ஆகவே அடிக்குறிப்புகளைக் காட்டி அவரை நேட்டோ எதிர்ப்பாளர் என்பது தலைகீழ்ப் பாடம். அதற்காக அவரைப் பலிகடாவாக்கவும் வேண்டாம்: பதவி விலகியிருக்கலாம், விலகவில்லை. பொருளாதாரத் திட்டத்துக்காக ஆட்சி நீடிக்க வேண்டும் என்று அந்த அரசு அவமானத்தை விழுங்கிக்கொண்டது. 1988 தேர்தலுக்குப் பின் ராடிகல் வென்ஸ்ட்ரே ஆட்சியிலேயே சேர்ந்த பிறகுதான் இந்த இழுபறி ஓய்ந்தது. 1905இலேயே பிரிந்துவிட்ட வென்ஸ்ட்ரே, ராடிகல் வென்ஸ்ட்ரே ஆகிய இரு கட்சிகளையும் ஒன்றென எண்ணுகிறவருக்கு இது எதுவும் விளங்காது.

அடுத்த பிழை, ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் டென்மார்க்கில் தோற்றதால் அவர் பதவி இழந்தார் என்பது. 1992 ஜூன் 2 வாக்கெடுப்பில் 50.7 சதவீதத்தினர் 'வேண்டாம்' என்றது அவருக்குப் பெரிய அடிதான். ஆனால் அதன் பிறகும் அவரே அமைச்சர். டிசம்பரில் எடின்பரோ உச்சிமாநாட்டில் அந்த ஒப்பந்தத்திலிருந்து டென்மார்க்குக்கு நான்கு விலக்குகள் கிடைத்தபோதும் அவரே.

ஆட்சி கவிழ்ந்தது 1993 ஜனவரியில், அதுவும் 'தமிழர் வழக்கு' என்று அங்கே அழைக்கப்படும் விவகாரத்தில். தமிழில் எழுதுகிறவர்களே இதைத் தவறவிடுவதுதான் வியப்பு. இலங்கைத் தமிழ் அகதிகள் தங்கள் குடும்பத்தினரை அழைத்துக்கொள்ளக் கொடுத்த விண்ணப்பங்களை, 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் சட்டத்துக்குப் புறம்பாகக் கிடப்பில் போட வைத்தார். விசாரணை அறிக்கை வெளியானதும் ஸ்லூட்டர் விலகினார், அமைச்சரவையும் போயிற்று. நின்-ஹான்சனுக்கு 1995இல் நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. அந்தக் குற்றத்தை எல்லெமன்-யென்சன் மேல் ஏற்றுவதும் தவறு. பதவி போனதற்கு அதுதான் காரணம் என்பதை மறைப்பதும் தவறு.

சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்த எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா என்னும் பால்டிக் நாடுகளின் சுதந்திரத்துக்கு அவர் உரத்துக் குரல் கொடுத்தது உண்மை. ஆனால் அங்கீகாரத்தில் முந்திக்கொண்டது ஐஸ்லாந்து.

அவர் பிரதமராக இருந்ததே இல்லை. 1998 மார்ச் தேர்தலில் மயிரிழையில் தோற்று, கட்சியை ஆண்டர்ஸ் ஃபோ ராஸ்முசனிடம் விட்டு விலகினார். மகன் யாகோப் 2019இல் அதே கட்சிக்குத் தலைவரானதால் பெயர்க் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. மகன் பாதுகாப்பு அமைச்சராகவும் பொருளாதார அமைச்சராகவும் இருந்தவர்; வெளியுறவுத் துறை தந்தையுடையது.