சாம்பல் குளத்தின் கரையைச் சோதிக்கும் முறை

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே கொண்டுவந்து தேக்கும் சாம்பல் குளம் பார்வைக்கு ஏரியைப் போலத் தோன்றினாலும், அதனுள் கிடப்பது நீர் ஊறிய நுண்துகள் என்பதால் கரை உடைந்தால் அத்தனையும் கூழாகிப் பாய்ந்துவிடும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள கிங்ஸ்டன் அனல்மின் நிலையத்தில் 2008 டிசம்பர் 22 அன்று நள்ளிரவுக்குப் பின் கரை சரிந்தபோது, ஏறத்தாழ 41 லட்சம் கன மீட்டர் சாம்பல் வெளியேறி ஆற்றையும் வீடுகளையும் மூடியது. அதே கரையில் 2003, 2006 ஆண்டுகளிலேயே கசிவு காணப்பட்டிருந்தது. ஆகவே ஆய்வுக்குச் செல்பவர் முதன்மையாகத் தேட வேண்டியது நீர் எங்கே போகிறது என்பதையே.

புறப்படுமுன் கட்டுமான வரைபடத்தையும் சென்ற ஆய்வின் அறிக்கையையும் படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு எப்படி இருந்தது என்று தெரியாதவருக்கு இன்று காணும் ஈரம் புதியதா பழையதா என்று சொல்ல இயலாது. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் கரையின் புடைப்பும் பள்ளமும் நிழலால் தெளிவாகத் தெரியும். தனியே செல்லாதீர்கள். உலர்ந்து வெடித்த சாம்பல் பரப்பின் மீது ஒருபோதும் கால் வைக்காதீர்கள், ஏனெனில் மேலோட்டுக்குக் கீழே ஆளை விழுங்கும் சேறு இருக்கக்கூடும்.

முதலில் கரையின் உச்சியில் நடந்து, நீர்மட்டத்துக்கும் உச்சிக்கும் இடையிலுள்ள உயரத்தை அளந்து, வடிவமைப்பில் குறித்த அளவு இருக்கிறதா என்று பாருங்கள். கரையின் நீளவாக்கில் ஓடி இரு முனையும் வெளிச்சரிவை நோக்கி வளைந்திருக்கும் விரிசல், கரை சரியப்போவதன் முன்னறிவிப்பு. அதன் இருபுறமும் முளை அடித்து இடைவெளியைக் குறித்துவைத்தால், அடுத்த முறை அது விரிந்ததா என்பது ஐயமின்றித் தெரியும்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் வெளிச்சரிவும் கரையின் அடிவாரமும்தான். கோடையிலும் பசுமையாக நிற்கும் புல்திட்டு, நடக்கும்போது அமுங்கும் மண், அடிவாரத்தில் மணல் வளையத்தின் நடுவே கொப்பளிக்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் நின்று பாருங்கள். கசிவு நீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் கரைக்குள்ளிருந்து மண்ணோ சாம்பலோ அரித்து வெளியேறுகிறது என்று பொருள். தெளிந்த கசிவையும் அளக்க வேண்டும். ஒரு வாளி நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்தாலே போதும். மண் கலந்த ஊற்றைக் களிமண்ணால் அடைக்க முயல்வது தவறு, நீர் வேறு வழி தேடும். மணலும் மேலே சரளையுமாகப் பரப்பி, நீரை வடியவிட்டு மண்ணை மட்டும் பிடித்துநிறுத்துவதே முறை.

அடுத்து மதகும் குழாய்களும். 2014 பிப்ரவரியில் வட கரோலினாவின் டான் ஆற்றங்கரையில், ஏற்கெனவே மூடப்பட்டிருந்த ஒரு மின்நிலையத்தின் சாம்பல் குளத்துக்கு அடியில் சென்ற மழைநீர்க் குழாய் உடைந்து, பல்லாயிரம் டன் சாம்பல் ஆற்றில் கலந்தது. மேலிருந்து பார்த்தவர் எவருக்கும் அந்தக் குழாயின் நிலை தெரிந்திருக்காது. ஆகவே வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கேமரா செலுத்திப் பார்க்க வேண்டும். உற்பத்தி நின்றுவிட்டது என்பதற்காக ஆய்வை நிறுத்துவது ஆபத்து.

கரையில் வளரும் மரங்களையும் எலி, நரி வளைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். செத்த வேரும் வளையும் நீருக்கு வழியாகும்.

கரைக்குள் ஊறிய நீரின் அழுத்தத்தை அறியப் புதைத்த கருவிகளான பீசோமீட்டர்களின் அளவீடுகளை வரைபடமாக்கி, குளத்தின் நீர்மட்டம் மாறாதபோதும் உள்நீர் உயர்கிறதா என்று ஒப்பிடுங்கள். அமெரிக்காவின் 2015ஆம் ஆண்டு விதிகள் 7 நாளுக்கு ஒருமுறை கள ஆய்வையும், 30 நாளுக்கு ஒருமுறை கருவி அளவீட்டையும், ஆண்டுதோறும் தகுதிபெற்ற பொறியாளரின் ஆய்வையும் கேட்கின்றன. பெருமழைக்கும் நிலநடுக்கத்துக்கும் பிறகு முறை வரும்வரை காத்திராமல் உடனே செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கலங்கிய கசிவோ விரியும் வெடிப்போ தென்பட்டால், சாம்பல் கரைசல் வருவதை முதலில் நிறுத்துங்கள். நீர்மட்டத்தை மெல்ல இறக்குங்கள். திடீரென இறக்கினால் உட்சரிவே சரியக்கூடும். அதே வேளையில், கரைக்குக் கீழே வாழும் மக்களுக்கு இரவானாலும் தகவல் அனுப்பிவிடுங்கள்.