சார் போன் செய்வார், தம்பி மெசேஜ் போடுவான்

எங்கள் கணக்குப் பிரிவில் ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும் ஒரு சாரும், போன வருடம் பி.காம். முடித்த ஒரு தம்பியும் அடுத்தடுத்த நாற்காலி. "கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கிறான்" என்று இவர். "ரெண்டு வரியில அனுப்ப வேண்டியதைப் பத்து நிமிஷம் பேசுறார்" என்று அவன். பஞ்சாயத்து என் மேசைக்குத்தான் வரும்.

அறிவுரை எடுபடவில்லை. ஒரு விதி எடுபட்டது: இன்றே முடிய வேண்டியதற்கு போன், நாளைவரை தாங்குவதற்கு வாட்ஸ்அப், பணமோ ஒப்புதலோ என்றால் மின்னஞ்சல். எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டோம்.

அடுத்தது, வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம் ஒருவருக்கொருவர் சொல்லித்தருவது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஜாக் வெல்ச் 1999-இலேயே தன் மூத்த அதிகாரிகளுக்கு இணையம் கற்றுத்தர இளையவர்களை ஜோடி சேர்த்தவர். நாங்கள் அதை இருவழியாக்கினோம். நீளமான கணக்கை வகைவாரியாகச் சுருக்கித் தரும் பிவோட் டேபிளைத் தம்பி எக்ஸெலில் காட்டுவான். எந்த வியாபாரியிடம் எப்படிக் கேட்டால் பாக்கி வரும் என்று சார் சொல்வார். (அதற்கு எந்த எக்ஸெலிலும் ஃபார்முலா கிடையாது!)

ஒரு எச்சரிக்கை: முதல் வாரம் பெரியவரையே கற்றுக்கொடுக்க விடுங்கள். எடுத்த எடுப்பில் மாணவராக உட்காரவைத்தால், அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு "அவசரமா பேங்க் வேலை" வந்துவிடும். நான் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு வெள்ளிக்கிழமை வீணாகப் போனது.