செய்திக்குறிப்பு அனுப்பும் முன் இலக்கை எழுதி வையுங்கள்

‘பேப்பரில் வரணும்’ என்பது இலக்கு இல்லை. வந்ததைப் படித்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இலக்கு. இதை முடிவு செய்யாமல் எழுதினால் புதுப் பொருள், நிறுவன வரலாறு, டீலர் அழைப்பு, ஆள் தேவை எல்லாம் ஒரே தாளில் குவியும். எதைத் தலைப்பாக்குவது என்று நிருபருக்கே புரியாது.

கோவையில் 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

படி 1: ஒரே வாக்கியம்

யார், என்ன செய்ய வேண்டும், எத்தனை பேர், எந்தத் தேதிக்குள். “செப்டம்பர் 30-க்குள் மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டங்களிலிருந்து 15 பாத்திரக் கடைக்காரர்கள் டீலர்ஷிப் கேட்டு போன் செய்ய வேண்டும்.” இல்லத்தரசிகளும் வாங்க வேண்டுமா? அதற்கு வேறு குறிப்பு, வேறு நாள்.

படி 2: 15 எங்கிருந்து வந்தது?

தேவை 3 டீலர்கள். உங்கள் பழைய விசாரணைப் பதிவேட்டில் ஐந்து பேர் கேட்டால் ஒருவர் சேர்ந்திருக்கிறார் என்றால், 15 அழைப்பு வேண்டும். அடுத்தவர் விகிதத்தைக் கடன் வாங்காதீர்கள்.

படி 3: அளவுகோல்

பலரும் சறுக்கும் இடம் இது. செய்தி வந்த பிறகு அளக்கத் தொடங்கினால், வழக்கமாக வரும் அழைப்பையும் செய்தியால் வந்த அழைப்பையும் பிரிக்க முடியாது. ஆகவே இரண்டு வாரம் முன்பிருந்தே தினசரி அழைப்புகளை எண்ணி வையுங்கள். குறிப்பில் தனி செல் நம்பர் கொடுங்கள். ஆனால் நாளிதழ்கள் நம்பரை வெட்டிவிடுவது சகஜம். ஆள் கூகுளில் தேடிப் பழைய நம்பருக்கே வருவார். அதனால் போன் எடுப்பவர் ஒவ்வொருவரிடமும் “எதுல பாத்தீங்க?” என்று கேட்டு நோட்டில் எழுதியே ஆக வேண்டும். எந்த மென்பொருளையும்விட இந்த நோட்டை நம்பலாம்.

செய்தி பிடித்த இடத்தை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி “இத்தனை லட்சம் லாபம்” என்று காட்டும் கணக்கை ஏற்காதீர்கள். மக்கள் தொடர்புப் பணியின் பலனை அளக்க 2010-இல் வகுக்கப்பட்ட சர்வதேச நெறிகளான பார்சிலோனா கோட்பாடுகளே அதை நிராகரித்துவிட்டன.

படி 4: பதிப்பு

மேலே சொன்ன இலக்குக்குச் சென்னைப் பதிப்பு வீண். மதுரைப் பதிப்பின் உள்ளூர் நிருபரும் வணிகப் பக்கமும் போதும். தீபாவளிச் சரக்கைக் கடைக்காரர்கள் முன்கூட்டியே முடிவு செய்வார்கள்; ஆகஸ்ட் கடைசியிலேயே அனுப்புங்கள்.

படி 5: இது செய்திதானா?

‘தரமானது’ என்பது விளம்பரம். மின்செலவு எத்தனை யூனிட் குறைகிறது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பது செய்தி. கோவை கிரைண்டரின் புவிசார் குறியீடு பின்னணியில் ஒரு வரியாக வரட்டும். பழைய விஷயம் தலைப்பாகாது.

கூடுதலாகச் சில

தேடுபொறியில் மேலே வருவதற்காகக் குறிப்பு முழுக்க இணைப்புகளைத் திணிக்க வேண்டாம். முக்கியச் சொற்களில் இணைப்பு கட்டிப் பல தளங்களில் பரப்பும் செய்திக்குறிப்புகளை கூகுள் தன் ஸ்பேம் கொள்கையிலேயே விதிமீறலுக்கு உதாரணமாகக் குறிப்பிட்டிருக்கிறது.

பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் நகலெடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறித் தமிழ் சிதையும். யூனிகோடில் அடித்த வேர்டு கோப்பே நல்லது. படத்தை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் சுருங்கிவிடும். 6 அங்குல அகலத்தில் அச்சாக 1,800 பிக்சல் வேண்டும்.

டீலர் விலைப்பட்டியலும் மாதிரி ஒப்பந்தமும் கையில் இல்லாமல் அனுப்பாதீர்கள். முதல் நாள் அழைத்தவரிடம் “அடுத்த வாரம் சொல்றோம்” என்றால் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்.